அப்பாவின் வலது காதுப் பக்கம்

அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி கேட்கும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் முதல் ஒரு மணி நேரம் யாரும் அவரிடம் பேச மாட்டோம், பேசினாலும் பிரயோஜனம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். கூட்டமும் சத்தமும் இருக்கிற இடத்தில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அதனால் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அம்மா அவருடைய வலது பக்கம் குனிந்து அதையே கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் அழுத்தமாகத் திருப்பிச் சொல்வாள். டாக்டர் சொன்னதை, பேங்க் கிளார்க் சொன்னதை, கல்யாண வீட்டில் யாரோ விசாரித்ததை. கத்த மாட்டாள். அவள் குரலின் ஏதோ ஒரு சுருதி மட்டும் அவர் காதுக்குள் இன்னும் போகிறது. ஐம்பது வருடமாகக் கேட்ட குரல் என்பதால் இருக்கலாம். பஸ்ஸில், கோயிலில், பந்தியில் எங்கே உட்கார்ந்தாலும் அம்மா அப்பாவுக்கு வலது பக்கம்தான். எங்கள் வீட்டில் இதை யாரும் விதியாகச் சொன்னதில்லை. அப்படியே பழகிவிட்டது.

போன தை மாதம் டெல்லியில் தம்பி வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். அப்பா, அம்மா, நான், என் கணவர், ஒன்பது வயது மகள் என்று ஐந்து பேர் கிளம்பினோம். அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்திலிருந்து பொதிகை ரயிலில் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து டெல்லிக்கு விமானம். எழுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஐந்து டிக்கெட்டையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், ஒரே கார்டில் நான்தான் போட்டேன். குறைந்த கட்டண நிறுவனம். பெயர் இங்கே முக்கியமில்லை, இந்த வழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

முதல் நாள் சாயங்காலம் வெப் செக்-இன் செய்ய உட்கார்ந்தேன். இருக்கைகளின் படம் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விலை. பின்னால் இருக்கிற நடு சீட்டுக்குக்கூட விலை. ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்தை நெருங்கியது. அதுவும் போகிற பயணத்துக்கு மட்டும். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், இருக்கை தேர்ந்தெடுக்காமல் தொடரலாம் என்று ஒரு வரி. எங்களுக்கு ஜன்னல் வேண்டாம், முன்வரிசை வேண்டாம். ஒரே பிஎன்ஆர் ஆயிற்றே, மிச்சம் இருக்கிற சீட்டில் சேர்த்துத்தான் போடும் என்று நினைத்தேன். தொடரலாம் என்பதை அழுத்தினேன்.

போர்டிங் பாஸ் வந்தது. நானும் மகளும் 20-டி, 20-இ. கணவர் 14-பி. அம்மா 11-பி. அப்பா 28-இ.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பதினேழு வரிசை. திரும்ப உள்ளே போய் மாற்றப் பார்த்தேன். செக்-இன் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டுமானால் விமான நிலையத்தில் கேளுங்கள் என்றது. சரி, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஃபுல் ஃப்ளைட் மேடம். உள்ளே க்ரூகிட்ட சொல்லுங்க, டேக்-ஆஃப் ஆனதும் மாத்திக் குடுப்பாங்க." எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அப்பா என் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடுத்தரக் குடும்பத்தில் முதல் தடவை விமானம் ஏறுகிற பெரியவர்களை நீங்கள் விமான நிலையங்களில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வெளுத்து இஸ்திரி போட்ட வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பையோ ஜவுளிக்கடைப் பையோ, போர்டிங் பாஸை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் நின்றார். அம்மா தன் பர்ஸிலிருந்து அவருடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட மறந்துவிட்டாள். அது 11-ஆவது வரிசைக்குப் போய்விட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே போனதும் நான் செய்த முதல் காரியம், முன்பின் தெரியாத மனிதர்களிடம் கெஞ்சியது. 28-டியில் இருந்தவர் நடைபாதை ஓரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். முழங்கால் வலி, நீட்டி உட்கார வேண்டும் என்று இந்தியில் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஜன்னலோரப் பையன் காதில் ஹெட்ஃபோனோடு தூங்கத் தொடங்கியிருந்தான். 11-ஆவது வரிசையில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னொரு பக்கம் அவளுடைய கணவர். அவர்களைப் பிரித்துவிட்டு எங்களைச் சேர்க்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி? எங்களிடம் மாற்றிக் கொடுக்க இருந்ததும் நடு சீட்டுதான். நடு சீட்டைக் கொடுத்து ஓர சீட்டை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அதற்குள் ஏறுகிற கூட்டம் என் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கிறது, பணிப்பெண் உட்காரச் சொல்கிறார். நான் அப்பாவுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டு, எப்படிக் கழற்றுவது என்று கையைப் பிடித்து ஒரு தடவை காட்டிவிட்டு, என் இடத்துக்கு வந்தேன்.

விமானம் ஏறி, பெல்ட் விளக்கு அணைந்ததும் பின்னால் போனேன். அப்பா இரண்டு முழங்கையையும் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, யார்மீதும் பட்டுவிடக் கூடாதென்று தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். கையில் இன்னமும் போர்டிங் பாஸ். ஓரம் வியர்வையில் ஊறிச் சுருண்டிருந்தது. யாராவது வந்து கேட்பார்கள், காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ரயிலில் டிடிஇ வருவாரே, அதுபோல. சாப்பாட்டு வண்டி அவரைக் கடந்து போயிருந்தது. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டிருப்பார்கள், இவர் வேண்டாம் என்று தலையாட்டியிருப்பார். தண்ணீர் கேட்கவில்லை. காசு கேட்பார்களோ என்ற தயக்கம் ஒன்று, எப்படிக் கேட்பது என்பது இன்னொன்று. நான் குனிந்து, "தண்ணி வேணுமாப்பா?" என்று வலது காதில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார்.

"அம்மா சாப்பிட்டாளா?"

மாத்திரையை முன்னாலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெல்ட் விளக்கு மறுபடி எரிந்தது, எல்லாரையும் உட்காரச் சொல்லி அறிவிப்பு வந்தது. குலுக்கல் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழில் இருந்தாலும் அந்த இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. ஏன் குலுங்குகிறது, எவ்வளவு நேரம், எல்லாம் சரியாகிவிடுமா என்று வலது காதில் சொல்ல வேண்டியவள் பதினேழு வரிசை முன்னால், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டே முக்கால் மணி நேரம். டெல்லியில் இறங்கியபோது அப்பா அம்மாவைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

டெல்லியில் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனதை அரித்த விஷயம், என் மகளுக்கு மட்டும் எப்படி என் பக்கத்து சீட் கிடைத்தது என்பதுதான். ஐந்து பேரையும் ஒரே நொடியில், ஒரே கம்ப்யூட்டர்தான் உட்கார வைத்தது. மூன்று பேரைப் பிரித்துப் போட்ட அதே கம்ப்யூட்டர் எங்கள் இருவரை மட்டும் ஏன் ஒட்டிப் போட்டது?

காரணம் தெரிந்ததுதான். 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஓர் உத்தரவு போட்டது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் பயணம் செய்கிற பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவருக்காவது பக்கத்தில் இருக்கை ஒதுக்க வேண்டும், அதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும். நல்ல உத்தரவு. என் மகளைத் தனியாக எங்கோ உட்கார வைக்காமல் காப்பாற்றியது அதுதான். ஆனால் அந்த உத்தரவு இன்னொன்றையும் வெளிச்சமாக்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு எங்களைச் சேர்த்து உட்கார வைக்கத் தெரியும். யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும், வயது தெரியும், எந்த சீட் காலி என்று தெரியும். செய் என்று சட்டம் சொன்ன இடத்தில் செய்தது. சொல்லாத இடத்தில் செய்யவில்லை. முடியாததால் பிரிக்கவில்லை, சேர்த்து வைப்பதை விற்கிறார்கள், அதனால் பிரிக்கிறார்கள்.

சதி என்று நான் சொல்ல மாட்டேன். சதியே தேவையில்லை. வெறுமனே குலுக்கிப் போட்டாலே போதும். உள்ளூர் விமானங்களில் நாம் அதிகம் ஏறுகிற ஏர்பஸ் 320-இல் 180 இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வரிசை, நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. இதில் இரண்டு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது உட்கார வைத்தால், அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகிற வாய்ப்பு எவ்வளவு? நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 134-இல் ஒன்று. குலுக்கல் முறை யாருக்கும் சாதகமில்லாத பொதுவான முறை போலத் தோன்றும். ஆனால் அது கணவனையும் மனைவியையும் கிட்டத்தட்ட எப்போதுமே பிரிக்கிற முறை. ஒன்றாக வந்தவர்களை ஒன்றாக அனுப்ப நினைக்கிற யாரும் அந்த முறையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

இதில் நாம் முதலாவது ஆளில்லை. பிரிட்டனில் 2017-இல் ரயன்ஏர் என்ற விமான நிறுவனத்தின் பயணிகள் பெரிய அளவில் புகார் சொன்னார்கள், முன்பு சேர்ந்து கிடைத்த சீட் இப்போது கிடைப்பதில்லை என்று. எங்கள் ஒதுக்கீடு தற்செயலானது, கொள்கை மாறவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் குழுவாகப் பயணம் செய்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2018 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. எல்லா நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால், பிரித்து உட்கார வைக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 18 சதவீதம். ரயன்ஏரில் மட்டும் 35 சதவீதம். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த 35 அல்ல. அதே மாதிரி விமானங்களை, அதே மாதிரிக் கூட்டத்தோடு ஓட்டுகிற மற்ற நிறுவனங்களால் ஐந்தில் நான்கு குழுக்களைச் சேர்த்து வைக்க முடிந்தது என்பதுதான். சேர்த்து வைப்பது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை.

அதே வருடம் நவம்பரில் அங்கே டிஜிட்டல் துறை அமைச்சராக இருந்த மார்கோ ஜேம்ஸ் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். சில நிறுவனங்களின் மென்பொருள், ஒரே குடும்பப் பெயர் உள்ள பயணிகளைக் கண்டுபிடித்துப் பிரித்து வைக்கிறது, பிறகு சேர்ந்து உட்காரக் காசு கேட்கிறது என்று. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஐந்து போர்டிங் பாஸும் ஞாபகம் வந்தது. நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். அப்பாவின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு ஆதாரில் அவளுடைய அப்பா பெயர். மகளுக்கு என் கணவரின் பெயர். அந்தப் படிவத்தின் கடைசிப் பெயர் கட்டத்தை மட்டும் பார்த்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். எங்களை ஒரு குடும்பம் என்று விமானத்துக்குச் சொல்வது அந்த ஆறு எழுத்து பிஎன்ஆர் ஒன்றுதான். அதனால்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கார்டு சலுகைக்காகவோ, ஆளுக்குப் பாதிக் காசு என்றோ டிக்கெட்டைத் தனித்தனி பிஎன்ஆரில் போடாதீர்கள். குழந்தைக்கான விதிகூட ஒரே பிஎன்ஆர் என்றால்தான் செல்லும்.

பொதிகையில் வந்தபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எதிரெதிரே இரண்டு லோயர் பெர்த். நான் யாரிடமும் கேட்கவில்லை, கூடுதல் காசு கட்டவில்லை. முன்பதிவில் வயதைப் போட்டேன், அறுபது தாண்டிய ஆண், நாற்பத்தைந்து தாண்டிய பெண் என்றால் கீழ் பெர்த் கொடுக்க ரயில்வே கம்ப்யூட்டரே பார்க்கும். எப்போதும் கிடைக்குமா என்றால் கிடைக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் முயற்சி செய்யச் சொல்லி அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட ஆம்னி பஸ்ஸைப் பாருங்கள். செயலியில் ஒரு பெண் ஒரு சீட் எடுத்துவிட்டால் பக்கத்து சீட் இளஞ்சிவப்பாகிவிடும், தெரியாத ஆண் அதை எடுக்க முடியாது. கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பஸ் விடுகிறவர்கள், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது ஒரு பயணிக்கு எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டு அதை மென்பொருளுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. டிக்கெட் விலை குறைவாக இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் அப்பா அம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. சாப்பாடு, கூடுதல் பை, பிடித்த இருக்கை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, வேண்டியவர்கள் மட்டும் காசு கொடுக்கட்டும் என்ற ஏற்பாட்டை அரசு அனுமதித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. தனியாகப் போகிற ஒரு சேல்ஸ் பையன், நான் சேர்ந்து உட்காருவதற்காக ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டாம். ஜன்னல் வேண்டுமென்றால், கால் நீட்ட இடம் வேண்டுமென்றால், முதலில் இறங்க வேண்டுமென்றால் அதற்கு விலை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. டிஜிசிஏ இதற்கு வைத்திருக்கிற பெயரும் விருப்ப இருக்கை என்பதுதான். வேண்டும் என்று பயணி கேட்டால் மட்டுமே கொடுக்க வேண்டிய சேவை, கட்டாயப்படுத்தக் கூடாதது.

ஆனால் விருப்பம் வேறு, சேர்ந்திருப்பது வேறு. கடைசி வரிசை, கழிவறைக் கதவு பக்கம், சாயாத சீட், யாரும் வாங்காமல் மிஞ்சுகிற எதை வேண்டுமானாலும் எங்களுக்குக் கொடுங்கள். மிஞ்சியதில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை ஒரு பிஎன்ஆருக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதனால் விமானத்துக்கு ஒரு ரூபாய் எரிபொருள் கூடாது, ஒரு சீட் குறையாது. காசு கொடுத்து ஜன்னல் வாங்கியவரை யாரும் எழுப்ப வேண்டாம். சில நாள் நிஜமாகவே சேர்ந்து இருக்காது. கடைசி நேரத்தில் செக்-இன் செய்தால் கிடைக்காது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் செய்தது முதல் நாள் சாயங்காலம். படத்தில் சேர்ந்த சீட் வரிசை வரிசையாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றிலும் விலை எழுதியிருந்தது.

2018 நவம்பரில் இண்டிகோ, வெப் செக்-இன்னில் இனி எல்லா இருக்கைக்கும் கட்டணம் உண்டு, வேண்டாதவர்கள் விமான நிலையத்தில் இலவசமாகச் செக்-இன் செய்துகொள்ளலாம் என்று சொன்னபோது நாடு முழுக்கச் சலசலப்பு எழுந்தது. மத்திய அமைச்சகமே அதைப் பரிசீலிப்பதாக அறிவித்தது. அன்றைக்குப் பேசப்பட்டதெல்லாம் கட்டணத்தைப் பற்றித்தான். காசு கொடுக்காதவர்களை எங்கே உட்கார வைப்பார்கள் என்ற கேள்வி குழந்தைகள் விஷயத்தில் மட்டும், ஐந்தரை வருடம் கழித்துத்தான் உத்தரவாக வந்தது. அதிலும் பெரியவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

மற்ற நாடுகளிலும் பேச்சு குழந்தைகளைச் சுற்றியேதான். கனடாவில் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிற விதி நுணுக்கமானது: ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கு ஒட்டிய சீட், ஐந்திலிருந்து பதினொன்று வரை அதே வரிசையில் ஒரு சீட்டுக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது, பன்னிரண்டு பதின்மூன்று என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளக் கூடாது. கூடுதல் காசு வாங்கவும் கூடாது. அமெரிக்காவில் 2023-இல் அதிபர் பைடன் நாடாளுமன்ற உரையிலேயே இதைக் கொண்டு வந்தார். பிள்ளையைப் பெட்டி படுக்கை மாதிரி நடத்தக் கூடாது என்ற பொருளில் பேசினார். அடுத்த வருடம் ஆகஸ்டில் கட்டணத்தைத் தடை செய்யும் விதி முன்மொழியப்பட்டது. பெரியவர்களுக்கு ஓரளவு பக்கத்தில் வருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி. மாற்றுத்திறனாளி ஒருவரோடு உதவிக்கு ஆள் வந்தால், அந்த ஆளுக்குப் பக்கத்து இருக்கை கொடுக்க விமான நிறுவனம் எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது அது. அந்த வாசகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்பாவிடம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடையாது. அவர் தன்னை அப்படி நினைத்ததும் இல்லை. மில்லில் வேலை பார்த்த எல்லாருக்கும் காது அப்படித்தான் என்பார். வயதானவர்களின் குறைகள் பாதிக்குமேல் இப்படித்தான், எந்தப் படிவத்திலும் ஏறாதவை. கண் மங்கல், மறதி, மூட்டு, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருப்பது, புது இடத்தில் வருகிற பதற்றம். இதையெல்லாம் வீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்தே சமாளித்துவிடுவார், அதனாலேயே வெளியே தெரிவதில்லை.

பாதுகாப்பு என்ற விஷயமும் இருக்கிறது. சொன்னால் பயமுறுத்துவது போலாகுமோ என்று யோசித்தேன், சொல்லாமல் விடவும் மனமில்லை. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதையில் கடலோரக் காவல் படை விமானத்தின்மீது மோதித் தீப்பிடித்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உலகமே பாராட்டியது. அந்த விமானத்தின் அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கைஒலிபெருக்கியிலும் வெறும் குரலிலும் கத்தித்தான் பயணிகளை வழிநடத்தினார்கள். நான் அந்தச் செய்தியை இப்போது அப்பாவை நினைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அந்தக் குரல் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் அம்மா இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். பதினேழு வரிசை தள்ளி இருந்தால் எல்லாரும் வாசலைப் பார்த்துப் போகும்போது அவள் பின்பக்கமாகத்தான் வருவாள். என் அம்மா என்றில்லை, எந்த அம்மாவும் அப்படித்தான். பிரிட்டன் ஆணையம் தன் வழிகாட்டுதலில், சின்னக் குழந்தைகளைக் கூட வந்தவர்களுக்கு அருகிலேயே உட்கார வைக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அவசரத்தில் மனிதர்கள் முதலில் தங்கள் ஆளைத் தேடுவார்கள்.

டெல்லியில் நாலு நாள் இருந்தோம். தம்பி வீட்டில் பால் பொங்கி வழிந்தது, நல்ல சகுனம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். மாடி பால்கனியில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து அப்பாவும் அம்மாவும் காலையில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே போகிற காய்கறி வண்டிக்காரர் இந்தியில் கூவுவது அம்மாவுக்கும் புரியாது. ஆனாலும் ஏதோ ஒன்றை அவர் காதில் சொல்வாள், அவர் தலையாட்டுவார்.

திரும்பும்போது நான் சீட்டுக்குக் காசு கட்டினேன். இந்தத் தடவை படத்தைப் பார்க்கும்போது ஒன்று யோசிக்க வேண்டியிருந்தது. வெறுமனே பக்கத்து சீட் போதாது, அம்மா வலது பக்கம் வர வேண்டும். விமானத்தில் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் ஏ என்பது இடது பக்க ஜன்னல், பி அதற்கு வலது. அப்பாவுக்கு 22-ஏ, அம்மாவுக்கு 22-பி. 22-சி எனக்கு. மகளும் கணவரும் எங்களுக்குப் பின் வரிசையில். ரசீதில் டிக்கெட், வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு தொகை வந்தது.

அந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பயணமும் இருப்பது போல இருந்தது. அப்பா ஜன்னல் வழியாகக் கீழே மேகத்தைப் பார்த்தார். அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை குலுங்கியது. "மேகத்துக்குள்ள போகுதாம், இப்ப சரியாயிரும்" என்று காதில் சொன்னாள். அப்படி யாரும் அறிவிக்கவில்லை, அவளாகச் சொன்னதுதான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார். போர்டிங் பாஸ் சட்டைப் பையில் இருந்தது.

மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்ஸிக்கு நிற்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் சீட் எப்படிக் கிடைத்தது என்று அப்பா கேட்டார். காசு கட்டினேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கேட்காததால் அம்மா குனிந்து திருப்பிச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போகும்போதும் குடுத்திருக்கலாமே தாயி" என்றார்.

நான் என்னமோ சொன்னேன். அது அவருக்குக் கேட்கவில்லை. அம்மாவும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.